முச்சந்தி நாற்சந்தியாகிறது: தாருக்கு நான்கு நட்சத்திரம், கூம்புகளுக்கு ஒன்றரை

தார் போடுகிற கை நல்ல கை. தடத்தை மூடக் கூம்பு வைக்கிற கைதான் சரியில்லை. கூட்டரசு சாலையில் தோட்டச் சாலை வந்து முட்டுகிற இந்த முச்சந்தியில் நடக்கும் மேம்பாட்டுப் பணியைப் பற்றி ஒரே மூச்சில் சொல்வதென்றால் இவ்வளவுதான். ஊர் பெயரும் குத்தகையாளர் பெயரும் இங்கே வேண்டாம். சந்திப்பின் ஓரத்தில் நிற்கும் திட்டப் பலகையில் எல்லாம் எழுதியிருக்கிறது. முடிவுத் தேதி இருந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

பணி இதுதான். நிறுத்தக் கோட்டை நம்பி ஓடிக்கொண்டிருந்த முச்சந்தியில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பக்கமிருந்து நான்காவது கை வந்து சேர்கிறது; நான்கு கைக்கும் சமிக்ஞை விளக்கு. வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்குத் தனித் தடம், இடப்பக்கம் நழுவிப் போக ஒரு வளைவு, பழைய வட்டக் குழாய்களுக்குப் பதிலாகப் பெட்டி மதகு, தமிழ்ப்பள்ளிப் பக்கம் பொத்தான் அழுத்திக் கடக்கும் இடம். சாலையின் ஒரு பாதி முடிந்து வண்டி ஓடுகிறது. மறுபாதி தோண்டிக் கிடக்கிறது.

இது தேவையா என்று காப்பிக் கடையில் இன்னும் கேட்கிறார்கள். தேவைதான். விளக்குச் சந்திப்பை வடிவமைக்கும்போது வண்டிகளைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதில்லை. காருக்கு 1 என்றால் மோட்டார் சைக்கிளுக்கு 0.33, கனரக லோரிக்கு 2.25 என்று மலேசிய வழிகாட்டி கணக்கு வைத்திருக்கிறது. மற்ற ஊரில் நூறு வண்டி என்பதும் செம்பனை ஆலை உள்ள ஊரில் நூறு வண்டி என்பதும் ஒன்றல்ல. குலை ஏற்றிய லோரி நின்ற இடத்திலிருந்து நகர்ந்து சாலையைக் குறுக்கே கடந்து முடிப்பதற்குள், எதிரே வருகிறவர் பொறுமையிழந்து விளக்கை அடித்து ஹாரனும் அடித்துவிடுவார். பழைய முச்சந்தியில் லோரி ஓட்டுநர் இடைவெளிக்காகக் காத்துக் காத்து, கடைசியில் எல்லாரும் நின்று வழிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் மூக்கை நீட்டுவதுதான் வழக்கம். அந்த நம்பிக்கையை ஒரு விளக்கிடம் ஒப்படைப்பது நல்ல காரியம்.

முதலில் பாராட்டு. முடிந்த பாதியின் தளத்தில் குறை சொல்ல அதிகமில்லை. நொறுக்குக் கல்லைக் கொட்டி அப்படியே உருளையை ஓட்டவில்லை. தண்ணீர் தெளித்து, ஈரம் பரவிய பிறகுதான் உருட்டினார்கள். ஒரே மூச்சில் அரை மீட்டர் கொட்டி மேலே மட்டும் இறுக்குவது இந்தத் தொழிலில் வழக்கமான ஏமாற்று. இறுக்கிய பின் ஓர் அடுக்கு 200 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒவ்வோர் அடுக்கும் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த உச்ச உலர் அடர்த்தியில் 95 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பதுதான் விதி. இங்கே அடுக்கு அடுக்காகப் போட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் அடர்த்தியை அளக்கும் மணல் மாற்றுச் சோதனைக்காகத் தோண்டிய சின்னக் குழிகளைப் பார்க்க முடிந்தது. அடித்தளத்தின் மேல் தெளித்த தார்க் குழம்பு காய்ந்து கறுக்கும் வரை வண்டி விடவில்லை. அதன் மேல் விட்டால் சக்கரம் உரித்துக்கொண்டு போகும். பிறகு அடுத்த அடுக்கு தளத்தோடு ஒட்டாமல் தோசை மாதிரி நகரும்.

தார்க் கலவை லோரிகள் தார்ப்பாய் மூடி வந்தன. இது அழகுக்காகச் செய்கிற காரியமில்லை. கொட்டும்போது கலவை 130 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. கலவை ஆலையிலிருந்து தோட்டப் பட்டணத்துக்கு நீண்ட ஓட்டம், திறந்து வந்தால் மேல்பகுதி ஆறிக் கட்டியாகிவிடும். ஆறிய கலவை உருளைக்கு அடங்காது. பார்க்கத் தளம் போல இருக்கும், மூன்று மாத மழையில் சொரசொரவென்று கல் உதிரும். மூன்று மணிக்கு மேற்கே கறுத்ததும் தார் பரப்பும் பேவரை நிறுத்தி, வந்துகொண்டிருந்த கலவையைத் திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. திருப்பி அனுப்பும் ஒவ்வொரு லோரியும் குத்தகையாளருக்குக் கைநட்டம். அதைச் செய்தவர்களுக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பதில் தயக்கமில்லை. ஐந்தாவதைப் பிடித்து வைத்தது மதகுதான்.

மதகுக்குக் கீழே இருப்பது கடலோரச் சமவெளியின் சேற்றுக் களிமண். அதனால் பெட்டி மதகைப் பாக்காவ் எனப்படும் அலையாத்தி மரக் கம்புகள் அடித்து, அதன் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. ஆனால் மதகின் இரு பக்கமும் சாலை வெறும் மண் நிரப்பின் மேல் கிடக்கிறது. கம்பின் மேல் உள்ளது அவ்வளவாக இறங்காது. மண்ணின் மேல் உள்ளது வருடக் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்க இறங்க மதகு இருக்கும் இடம் மட்டும் மேடாகத் தெரியும். மதகை ஒட்டிய நிரப்பைச் சில மாதம் கூடுதல் மண் பாரம் ஏற்றி முன்கூட்டியே இறங்க விட வேண்டும். இல்லாவிட்டால் கம்புகளைப் போகப் போகக் குட்டையாக்கி, சாலைப் பக்கம் சரிவாகக் கொண்டுபோய் விட வேண்டும். இங்கே இரண்டும் நடந்ததாகத் தெரியவில்லை. முடிந்த பாதியில் இப்போதே மதகைக் கடக்கும்போது எண்ணெய் டேங்கர் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. தார் ஊற்றி மேட்டை மறைக்கலாம். ஊற்றிய தாரும் பாரம்தான், அதுவும் சேர்ந்து இறங்கும்.

இனி, ஊர் எரிச்சலோடு பேசுகிற விஷயம்: இவ்வளவு நாள் ஏன்?

தார் போட ஆகும் நாள் சொற்பம். நாளைத் தின்றது தார் அல்ல, அதற்குக் கீழே இருந்தது. பழைய தோட்டப் பட்டணங்களில் சாலையோரம் என்ன புதைந்திருக்கிறது என்பதற்கு வரைபடம் ஒன்று சொல்லும், மண் வேறொன்று சொல்லும். சாலையை அகலப்படுத்தும்போது பழைய ஓரம் புதுத் தடத்தின் நடுவுக்கு வந்துவிடும்; அங்கே கிடந்த தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, 11 கிலோவோல்ட் மின்கம்பி எல்லாம் வெளியே நகர வேண்டும். மூன்றுக்கும் மூன்று உரிமையாளர்கள். ஒவ்வொருவரும் தங்கள் அனுமதி, தங்கள் மேற்பார்வையாளர், தங்கள் குழு என்று தனித்தனியாக வருவார்கள். மின்தடைக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைப் புதிதோடு இணைக்க ஊருக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஒருவர் தள்ளிப்போனால் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லாரும் தள்ளிப்போவார்கள்.

இங்கே நடந்த தவறு வரிசையில். குழி தோண்டிப் பார்த்துக் குழாய் எங்கே, எந்த ஆழத்தில் என்று உறுதிசெய்வதற்கு முன்பே பழைய தார் ஓரத்தைச் சுரண்டிவிட்டார்கள். அந்தக் காலத்துக் குழாய்கள் பல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. மேலே மண் பாரம் ஒரே சீராக இருக்கும்வரை தாங்கும். மேல்மண்ணை எடுத்துவிட்டு அதிரும் உருளையை அருகே ஓட்டினால் மூட்டில் விரியும். விரிந்தது. ஊருக்குத் தண்ணீர் நின்றது ஒரு பக்கம். நிரப்பிய மண் ஊறிப் போனதால் அதை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பியது இன்னொரு பக்கம். உருளையில் அதிர்வை நிறுத்தி, கனத்தை மட்டும் வைத்து அதிக முறை ஓட்டியிருந்தால் மெதுவாக ஆகியிருக்கும். உடைந்த பிறகு ஆன தாமதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

குழாய்ப் பள்ளத்தை மூடிய விதத்தையும் கவனிக்க வேண்டும். மணலை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டுத் தட்டுப்பொறியால் இறுக்கினால் பள்ளம் அப்படியே நிற்கும். தோண்டிய களிமண்ணையே திருப்பித் தள்ளி, மேலே தோண்டும் இயந்திரத்தின் வாளியால் நாலு தட்டுத் தட்டினால், முதல் பெருமழைக்குச் சாலையில் நேர்கோடாக ஒரு வாய்க்கால் விழும். கடைவீதிப் பக்கம் விழுந்திருப்பது அந்த நேர்கோடுதான்.

சரி, கூம்புகள்.

தடத்தை மூடும்போது வண்டிகளை ஓரத் தடத்திலிருந்து உள்ளே தள்ளும் சாய்வு வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு: தடத்தின் அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 155 ஆல் வகுக்க வேண்டும். 3.5 மீட்டர் தடம், மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் சுமார் 80 மீட்டர் வரும். இங்கே சாய்வு இருபது மீட்டருக்குள் முடிகிறது. பகலில் பழகியவர்கள் சமாளிக்கிறார்கள். இரவில் வெளியூர் வண்டி கூம்பைப் பார்க்கும்போது அது பம்பருக்குக் கீழே இருக்கிறது. தினமும் காலையில் நசுங்கிய கூம்புகளைப் பொறுக்கி அடுக்குகிற பையனைக் கேட்டால் கணக்குச் சொல்லாமலே உண்மையைச் சொல்லிவிடுவான்.

ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. ஆனால் முதல் பலகையே வண்டி வரிசையின் வாலைத் தாண்டி, வரிசைக்கு உள்ளே நிற்கிறது. பலகை நெரிசலுக்கு முன்னால் எச்சரிக்க வேண்டும். நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு அது தகவல் இல்லை, கேலி. காலையும் மாலையும் வால் நீளும்போது முதல் பலகையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஒருமுறை நட்ட பலகை நட்டபடி நின்றால் பயனில்லை.

ஒரே தடத்தில் இருதிசையும் மாறி மாறிப் போகும் பகுதிதான் ஆபத்தானது. தூரம் ஏறக்குறைய 150 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊரும் லோரி அதைக் கடக்க 27 விநாடி ஆகும். ஆகவே ஒரு பக்கம் சிவப்பு விழுந்த பிறகு, மறுபக்கம் பச்சை விழுவதற்குள் குறைந்தது அவ்வளவு நேரம் இரண்டு பக்கமும் சிவப்பாக நிற்க வேண்டும். சூரிய ஒளியில் ஓடும் தற்காலிக விளக்கில் அந்த நேரத்தை இங்கே காருக்கு ஏற்றபடி குறைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் மஞ்சளில் நுழைந்த லோரி நடுவில் இருக்கும்போதே எதிர்ப்பக்கம் திறந்துவிடுகிறது. இரண்டும் மூக்கோடு மூக்கு நின்று, பின்னால் போக இடமில்லாமல், யார் பின்வாங்குவது என்று பேச்சுவார்த்தை நடக்கும். நான்கு நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் அந்த விளக்கும் அணைந்துவிடும்; பிறகு கொடி பிடிக்க இருவர். சாலை வளைவதால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியமாட்டார். வாக்கி டாக்கி கொடுத்தால் தீர்ந்தது, விசில் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளத்தின் மேல் போடும் இரும்புத் தகட்டுக்குத் தனியாக ஒரு கண்டனம். வழுவழுப்பான தகடு மழையில் சோப்பு மாதிரி. நான்கு சக்கரத்துக்கு ஒன்றும் தெரியாது. விடிவதற்கு முன் தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போகும் மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் தெரியும். முள்ளுப் பரப்புள்ள தகடு போட வேண்டும். அல்லது பசை பூசி மணல் தூவ வேண்டும். விளிம்பில் குளிர்கலவையால் சாய்வு கட்ட வேண்டும். சுரண்டிய தளத்துக்கும் சுரண்டாத தளத்துக்கும் நடுவே விடப்பட்ட நீளவாட்டுப் படியும் அப்படித்தான்: குறுக்கே இருந்தால் குலுக்கும், நீளவாட்டில் இருந்தால் முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்துக் கவிழ்க்கும்.

பிளாஸ்டிக் தடுப்புகளில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். வெறும் தடுப்பு காற்றுக்கே நகரும் என்பதால் அதுதான் முறை. ஆனால் பாதித் தடுப்புகளுக்கு மூடியே இல்லை. மழைநீர் தேங்கி உள்ளே ஏடிஸ் கொசு முட்டையிட இதைவிட வசதியான தொட்டி கிடைக்காது. 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் கட்டுமானத் தளங்களுக்கும் பொருந்தும். வீட்டுக்குப் பின்னால் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றாலே அபராதம் வருகிற ஊரில், நடுச்சாலையில் நாற்பது தொட்டி. மூடி போட முடியாவிட்டால் மணல் நிரப்பட்டும்.

அடுத்தது நேரம். தடத்தை மூடும் நேரத்தை நகரத்து அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த ஊரின் நெரிசல் வேறு. விடிவதற்கு முன் தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள். ஏழு மணியிலிருந்து பள்ளி வேன்கள். மதியத்துக்குப் பிறகு தோட்டக் காட்டிலிருந்து குலை இறங்கி லோரிகள் ஆலைக்கு ஓடும் நேரம். சந்தை நாளில் மாலையிலிருந்தே பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வரிசை. காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரைதான் உண்மையில் காலியான நேரம். அப்போது குத்தகையாளர் ஆட்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். தடத்தை மூடுவது இரண்டு மணிக்கு.

இதில் ஆலைக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு: வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும் என்பது ஆலைகளின் பழைய கணக்கு. பழத்தில் உள்ள நொதி, வெட்டியது முதல் எண்ணெயை உடைத்துக்கொண்டே இருக்கும். தனிக் கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் கை வைப்பார்கள். மாலை வரிசையில் நிற்கும் லோரி அன்றைய நேர அட்டவணையைத் தவறவிட்டால், அந்தக் குலை ஆலை முற்றத்தில் இரவைக் கழிக்கும். ஆண்டின் பின்பாதியில், காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில், இந்த இழப்பு கூம்பு வாடகையைவிடப் பெரியது. குத்தகையாளர் ஆலை அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை வேலைத் திட்டத்தை அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தோட்டத்துக்குள் வழியாகச் சுற்றிப் போகலாமே என்கிறார்கள். போகலாம், பகலில், காரில், மழை இல்லாத நாளில். அது தனியார் பாதை. இரவில் சங்கிலி போடுவார்கள். செம்மண் தளம், விளக்கில்லை, இரு பக்கமும் லொங்காங் என்கிற காட்டு வடிகால். மழைக்குப் பின் மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். திறன்கைபேசி வரைபடம் அந்தப் பாதையைக் காட்டினாலும் காட்டட்டும்.

கடைக்காரர்கள் பக்கத்தில் தூசிக்குத் தண்ணீர் லோரி வருகிறது, ஆனால் காலையில் ஒருமுறை மட்டும். வெயிலில் அரை மணிக்குள் காய்ந்துவிடும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் பதினொன்றரைக்கு ஒருமுறை தெளித்தால் அவர்களும் பிழைப்பார்கள். கடை வாசலுக்குப் போட்ட பலகைப் பாலங்கள் உறுதியாகவே இருக்கின்றன, கைப்பிடியும் உண்டு. இதைச் செய்தவருக்கு நன்றி. கோயில் திருவிழாவுக்காக ஒரு வாரம் தடத்தைத் திறந்து விட்டதும் நல்ல காரியம். ஆனால் ரதம் வரும் வழியில் நொறுக்குக் கல் திறந்தபடி கிடந்தது. காவடி எடுப்பவர்கள் செருப்புப் போடுவதில்லை. அடுத்த முறை அந்த முப்பது மீட்டருக்குக் கல்தூள் பரப்பி, தண்ணீர் அடித்து, உருட்டி விட்டால் போதும். தாழத் தொங்கும் தற்காலிக மின்கம்பியை ரதத்தின் உயரத்தோடு முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

புதுச் சமிக்ஞை விளக்கு எரியத் தொடங்கும்போது முதல் வாரத்தில் திட்டித் தீர்க்காதீர்கள். தரையில் புதைத்த கம்பிச் சுருள்தான் வண்டி நிற்பதை விளக்குக்குச் சொல்கிறது. கடைசித் தார் அடுக்கு போட்ட பிறகே அந்தச் சுருளை வெட்டிப் பதிப்பார்கள். அதுவரை விளக்கு குருட்டுக் கணக்கில் ஓடும். யாருமே இல்லாத தாமான் பக்கத்துக்கும் முழுப் பச்சை கொடுக்கும். சுருள் பதித்து ஒரு மாதம் ஆகியும் அப்படியே ஓடினால் அப்போது புகார் செய்யலாம். குழிகளுக்கும் சாலைச் சேதத்துக்கும் பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலி இருக்கிறது. படமும் இடமும் சேர்த்து அனுப்பினால் எந்தச் சாலை யாருடையது என்ற தலைவலி நமக்கில்லை. பணி முடிந்த சான்றிதழ் கொடுத்த பிறகும் குறைநீக்கக் காலம் ஓடும். மதகின் மேடு, குழாய்ப் பள்ளத்தின் நேர்கோடு இரண்டையும் குத்தகையாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் அது. தேதியிட்ட படம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கடைவரிசையில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அகலப்படுத்திய சாலை பழையதைவிட உயர்ந்திருக்கிறது. கடைசி அடுக்கு இன்னும் 50 மில்லிமீட்டர் ஏறும். சாலை கடைத் தரையைவிட உயர்ந்துவிட்டால் மழைநீருக்கு லொங்காங்கைவிட உங்கள் வாசல்தான் பக்கம். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீர் சாலையின் இப்போதைய நடுமட்டத்தோடு சமமாக நிற்கும்படியும் மறுமுனையைக் காக்கி லீமா (கடை முன் நடைபாதை) தூணிலும் பிடித்து, தூணில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதற்கு மேல் 50 மில்லிமீட்டரில் இன்னொரு கோடு. இரண்டாவது கோடு உங்கள் தரைக்கு மேலே வந்தால், தார் லோரி வருவதற்கு முன்பே தள மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஓரக்கல்லுக்கு அடியில் கூடுதல் வாய் வைப்பதோ, பழைய அடுக்கைச் சுரண்டி மட்டத்தைக் குறைப்பதோ இப்போது அரை நாள் வேலை.